மாதத்தில் சில நாள் மட்டும் ஏன் இந்தப் பசி?

விடுதிச் சாப்பாட்டு அறையைத் தினமும் கவனித்து வருபவர்களுக்கு ஒரு செய்தி நன்கு தெரியும். நேற்று வரை இரண்டு இட்லியோடு கைகழுவி எழுந்த பெண், இன்று ஐந்தாவது இட்லிக்குத் தட்டை நீட்டுவாள். மாலை மணி அடித்ததும் பெட்டிக்குள் வைத்திருக்கும் முறுக்கையும் தேடுவாள். ஒரு வாரம் சென்றால், அதே பெண் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எனக்குச் சாப்பாடு வேண்டாம், சிஸ்டர்" என்று சொல்லிச் சுருண்டு படுத்துவிடுவாள். முதல் வாரத்தில் தோழியர் அவளுக்குச் சூட்டும் பட்டம் "சாப்பாட்டு ராமாயி". அடுத்த வாரத்தில் பெரியவர்கள் தரும் பட்டம் "சோம்பேறி". இரண்டும் அவளுக்குப் பொருந்தா. இரண்டு நிலைக்கும் காரணம், அவள் உடலுக்குள் மாதந்தோறும் ஒழுங்காக நடந்துவரும் ஒரு வேலை. அதைப் பற்றியே இக்கட்டுரை.

மாதவிடாய் என்றதும் நம் வீடுகளில் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. "தூரம்", "வீட்டுக்கு விலக்கு" என்று சுற்றிவளைத்தே பேசிப் பழகிவிட்டோம். தந்தையரும் படிக்கின்ற ஆண்டு மலரில் இதை எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். எழுதத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். மளிகைக் கடைக்குப் போய்ப் பணம் கொடுப்பவர் பல வீடுகளில் தந்தைதானே!

முதலில் மாதச் சுழற்சியின் கணக்கைப் பார்ப்போம். உதிரப்போக்கு தொடங்கும் நாளை முதல் நாளாகக் கொண்டு, அடுத்த உதிரப்போக்குக்கு முந்திய நாள் வரை எண்ணினால் அது ஒரு சுழற்சி. பாடப்புத்தகத்தில் 28 நாள் என்று படித்திருப்பீர்கள். அது சராசரிதான். வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள் வரையிலும், பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 45 நாள் வரையிலும் அமைவது இயல்பே. ஆகவே, "என் தோழிக்கு வந்துவிட்டது, எனக்கு இன்னும் வரவில்லையே" என்று ஐந்தாறு நாள் தள்ளிப்போனதற்கெல்லாம் கலங்க வேண்டியதில்லை.

இந்தச் சுழற்சியை நடத்துபவை முக்கியமாக இரண்டு ஹார்மோன்கள். சுழற்சியின் முன்பாதியில் சினைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் சிறுகச் சிறுகக் கூடுகிறது. கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. பின்னர் ஒரு கருமுட்டை வெளியேறுகிறது. முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் நிறமான ஒரு சிறு திசு உண்டாகி, புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டாவது ஹார்மோனைச் சுரக்கிறது. கரு உண்டாகவில்லையானால் ஏறத்தாழ 14 நாட்களில் அந்தத் திசு சுருங்கிவிடும். இரண்டு ஹார்மோன்களும் சரசரவென்று குறையும். தடித்திருந்த உட்சுவர் உதிரத்தோடு வெளியேறும். ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஹார்மோன் ஒன்றைத் தூய நிலையில் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் எட்வர்ட் டாய்சி என்பவர். அமெரிக்காவில் சேசு சபையாரின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், 1929-இல் அதைச் செய்தார். அதே ஆண்டில்தான் கார்னர், ஆலன் என்ற இருவர் புரோஜெஸ்டிரோனின் செயலையும் விளக்கினார்கள். அதற்கு முன்னர் எத்தனையோ தலைமுறைப் பெண்கள் காரணம் தெரியாமலேயே இந்த மாற்றங்களை அனுபவித்து வந்திருக்கிறார்கள்.

சரி, கருப்பைக்கும் சினைப்பைக்கும் சோற்றுத் தட்டுக்கும் என்ன தொடர்பு? தொடர்பு மூளையில் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலமஸ் என்ற சிறிய பகுதி உண்டு. பசி, தாகம், உடல் வெப்பம் ஆகியவற்றையெல்லாம் கண்காணிக்கும் மேற்பார்வையாளர் அதுவே. மாதச் சுழற்சிக்கு உத்தரவிடுவதும் அதுவே. ஒரே மேசையில் இரண்டு கோப்புகள் இருந்தால் ஒன்றின் செய்தி மற்றொன்றுக்குத் தெரியாமற் போகுமா? ஈஸ்ட்ரோஜன் கூடும்போது பசி சற்று அடங்குகிறது. உணவு குடலுக்குள் சென்றதும் "போதும்" என்று மூளைக்குச் சொல்லியனுப்பும் வேறொரு ஹார்மோன் குடலில் உண்டு. ஈஸ்ட்ரோஜன் அதன் குரலை இன்னும் உரக்க ஒலிக்கச் செய்கிறது. அதனால் கருமுட்டை வெளியேறும் நாட்களை ஒட்டி, மாதத்திலேயே மிகக் குறைவாக உண்கிறோம். புரோஜெஸ்டிரோன் ஓங்கும் பின்பாதியில் அந்த அடக்கம் தளர்கிறது, பசி கூடுகிறது.

இது வெறும் மனப்பிரமை என்று சொல்பவர்களுக்கு எலிகளைக் காட்டலாம். பெண் எலிக்குச் சுழற்சி நான்கைந்து நாட்களில் முடிந்துவிடும். கருமுட்டை வெளியேறும் இரவில் அது வழக்கத்தைவிடக் குறைவாகத் தின்னும். சினைப்பையை அகற்றிவிட்டால் அதிகம் தின்று கொழுக்கும்; ஈஸ்ட்ரோஜனை ஊசி மூலம் திருப்பிக் கொடுத்தால் மீண்டும் அளவாகத் தின்னும். ரீசஸ் குரங்குகளிடத்தும் இவ்விதமான ஏற்றத்தாழ்வைக் கண்டிருக்கிறார்கள். எலிக்கும் குரங்குக்கும் நாக்குச் சபலம் என்றோ, வளர்ப்பு சரியில்லை என்றோ யாரும் குறை சொல்ல முடியாதல்லவா?

பெண்களிடம் செய்த ஆய்வுகளில் எண்கள் ஒன்றுபோல் இல்லை. பின்பாதியில் நாளொன்றுக்கு 500 கலோரி வரை கூடுதலாக உண்டார்கள் என்று 1981-இல் ஓர் அமெரிக்க உணவியல் இதழில் வெளியான ஆய்வு கூறியது. பிற்கால ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரி 200 கலோரிக்கும் குறைவாகவே வந்தது. 200 கலோரி என்பது ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, அல்லது மூன்று சிறிய இட்லி. இதற்காகவா ஒரு பெண்ணைக் கேலி செய்வது?

உடலும் இந்தக் கூடுதல் உணவில் ஒரு பகுதியையாவது செலவழித்துவிடுகிறது. பின்பாதியில் உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்து நிற்கும். கலிபோர்னியாவில் டோரிஸ் காலவே என்ற உணவியல் அறிஞரின் குழுவினர் சில பெண்களை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, அளந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றல், கருமுட்டை வெளியேறுவதற்கு ஒரு வாரம் முன்னர் மிகக் குறைவாகவும், அடுத்த உதிரப்போக்கை நெருங்க நெருங்கக் கூடுதலாகவும் இருந்தது என்று 1982-இல் அறிவித்தனர். வேறு சில ஆய்வுகளில் இந்த வேறுபாடு மிகச் சிறிதாகவே தென்பட்டது. ஆளுக்கு ஆள் மாறும் என்று கொள்வதே சரி. இந்நாட்களில் எடைபார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்று, ஒரு கிலோ கூடிவிட்டதே என்று அழும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: அது பெரும்பாலும் உடலில் தேங்கிய நீர்தான். உதிரப்போக்கு தொடங்கியபின் தானே வடிந்துவிடும். ஊறுகாயையும் அப்பளத்தையும் அந்த வாரத்தில் சற்றுக் குறைத்துக்கொண்டால் வீக்கமும் குறைவாக இருக்கலாம்.

இனி, குறிப்பிட்ட ஒரு பண்டத்தின்மேல் எழும் ஆசையைப் பற்றிப் பேசலாம். மேலை நாட்டு இதழ்களைப் படித்தால், மாதவிடாய்க்கு முன் பெண்கள் எல்லாரும் சாக்லேட்டுக்காகவே ஏங்குவார்கள் என்று தோன்றும். சாக்லேட்டிலுள்ள மக்னீசியத்தை உடல் தேடுகிறது என்று அதற்கு ஒரு விளக்கமும் சொல்வார்கள். அப்படியானால் மக்னீசியம் நிறைந்த கீரையையும் எள்ளையும் நோக்கியல்லவா கை போகவேண்டும்! அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்நாட்டில் பிறந்த பெண்களோடு ஒப்பிட, வேறு நாடுகளில் பிறந்து அங்கே வந்தவர்களிடம் இந்த மாதாந்தரச் சாக்லேட் ஏக்கம் மிகக் குறைவாக இருந்ததைக் காட்டியது. பசியைக் கூட்டுவது ஹார்மோனாக இருக்கலாம். எதைத் தின்பது என்பதைப் பழக்கமும் ஊரும்தான் முடிவு செய்கின்றன போலும். நம் பிள்ளைகளின் கை எங்கே போகிறது? உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய மாங்காய்க் கீற்று, நெல்லிக்காய், காராபூந்தி, பள்ளி வாசலில் விற்கும் புளிமிட்டாய். இவற்றில் முதல் இரண்டை நான் தடுக்கமாட்டேன். மற்றவற்றுக்குப் பதிலாக, மாலையில் ஒரு கிண்ணம் சுண்டலோ, இரண்டு கடலைமிட்டாயோ வயிற்றுக்குள் போய்விட்டால் பாதி ஏக்கம் அடங்கிவிடும். காலையில் பட்டினியாக வரும் பெண்தான் மாலையில் காராபூந்தியைப் பொட்டலத்தோடு தீர்க்கிறாள் என்பது மனையியல் வகுப்பில் பல ஆண்டுகளாகக் கண்ட உண்மை.

எல்லாருக்கும் பசி கூடத்தான் வேண்டும் என்பதும் இல்லை. பூப்பெய்திய முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் பல மாதங்களில் கருமுட்டை வெளியேறுவதே இல்லை. அம்மாதங்களில் இந்த ஏற்றத்தாழ்வும் தெளிவாகத் தெரியாது. ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், அக்காமார் சொல்வது தமக்கு நடக்கவில்லையே என்று எண்ண வேண்டாம்.

உதிரப்போக்கின் முதலிரண்டு நாட்களில் நிலைமை தலைகீழாகிறது. கருப்பைச் சுவரிலிருந்து வெளிப்படும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் கருப்பையைச் சுருங்கச் செய்து வலியை உண்டாக்குகின்றன. அவை குடலையும் வயிற்றையும் விட்டுவைப்பதில்லை. குமட்டலும் பேதியும் சிலருக்கு அதனால்தான். அன்றைக்குப் பொரியலும் குழம்புமாகத் திணிக்க வேண்டாம். குழைந்த ரசம் சாதம், நொய்க்கஞ்சி, கேழ்வரகுக் கூழ் என்று சிறிது சிறிதாக நான்கைந்து தடவை கொடுத்தால் போதும். வெந்நீர்ப்பை அடிவயிற்றுக்கு இதம் தரும். ஆனால் முழுப்பட்டினியாகக் காலைக் கூட்டத்தில் வந்து நிற்கக் கூடாது. கொடியேற்றத்தின்போது தலைசுற்றி விழுகிறவர்களில் சிலரை விசாரித்தால், முதல் நாள் இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்ற பதில் வரும்.

இதுவரை சொன்னவற்றை விடப் பெரிய செய்தி ஒன்று உண்டு, அது இரும்புச்சத்து. ஒரு மாதவிடாயில் சாதாரணமாக வெளியேறும் இரத்தம் 30 முதல் 40 மில்லிலிட்டர். மூன்று மேசைக்கரண்டிக்கும் குறைவு. பார்த்துப் பயப்படும் அளவுக்கு அது அதிகமில்லை. ஆனால் அதோடு 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது. சைவ உணவிலுள்ள இரும்பில் நூற்றில் ஐந்து முதல் பத்து பங்குதான் உடலில் சேரும். எனவே போன 20 மில்லிகிராமை மீட்க, குறைந்தது 200 மில்லிகிராம் இரும்பை உணவில் உட்கொள்ள வேண்டும். 100 கிராம் கம்பில் இருப்பது சுமார் 6 மில்லிகிராம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்! வளரும் வயதில் இரத்தமும் தசையும் பெருகுவதற்கு வேண்டிய இரும்பு இதற்குமேல். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். ஒரு வகுப்பறையில் ஐம்பது பேர் என்றால், ஏறத்தாழ முப்பது பேர்.

இரத்தசோகைக்கும் பசிக்கும் உள்ள உறவு விசித்திரமானது. இரும்பு குறையக் குறையப் பசி கூடும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் பசி மந்தித்துப்போகும். உண்ணாததால் சோகை, சோகையால் உண்ணாமை என்று செக்குமாட்டைப்போல் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருப்பாள் அந்தப் பெண். அதே வேளையில் உணவல்லாத பொருள்மேல் தீராத ஆசை எழலாம். பச்சரிசியை அள்ளி மெல்லுதல், சாக்பீஸையும் சிலேட்டுக் குச்சியையும் கடித்தல், சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னுதல், ஐஸ்கட்டியை ஓயாமல் நறநறவென்று கடித்தல் ஆகிய இவை பலவேளை இரும்புக் குறைவின் அடையாளங்கள். தாய்மார்களே, "அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும்" என்று சிரித்துவிட்டு விடாதீர்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதித்துப் பாருங்கள். குறைவு சரியானதும் இந்த ஆசை பெரும்பாலும் தானே மறைந்துவிடும்.

நம் முன்னோர் இதை முற்றும் அறியாதவர்கள் அல்லர். பெண் பூப்பெய்தியதும் உளுந்தங்களி, நல்லெண்ணெய், கருப்பட்டி, முட்டை என்று மாறி மாறி ஊட்டுவது நம் ஊர்களில் நெடுங்கால வழக்கம். உளுந்தில் புரதமும், எண்ணெயில் ஆற்றலும் நிறைய உண்டு. பச்சை முட்டையை மட்டும் வேகவைத்துக் கொடுத்தால் கிருமி பயமும் இல்லை. என் வருத்தமெல்லாம், அந்தக் கவனிப்பு சடங்கோடு நின்றுவிடுகிறதே என்பதுதான். முதல் மாதம் சொந்தபந்தமெல்லாம் கூடி ஊட்டுகிறோம். மூன்றாம் மாதம் அதே பெண் இன்னொரு கரண்டி கேட்டால், "பெண்பிள்ளைக்கு இவ்வளவு வயிறா?" என்கிறோம். முட்டை அண்ணனுக்கு, மீன்துண்டு அப்பாவுக்கு, மிஞ்சிய குழம்பு மகளுக்கும் அம்மாவுக்கும் என்ற முறை இன்றும் எத்தனை வீடுகளில் இருக்கிறது! மாதந்தோறும் இரத்தம் இழப்பது அண்ணன் அல்லவே.

"அந்த நாட்களில்" தயிர் ஆகாது, முட்டை ஆகாது, ஊறுகாய்ச் சாடியைத் தொடலாகாது என்ற விலக்குகளும் சில வீடுகளில் உண்டு. தயிர் உண்பதால் உதிரம் கட்டிவிடும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. மாறாக, தயிரிலும் பாலிலும் கேழ்வரகிலும் உள்ள சுண்ணாம்புச்சத்து நன்மையே செய்யும். நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உட்கொண்ட பெண்களுக்கு, மாதவிடாய்க்கு முந்திய எரிச்சல், உடல் வீக்கம், தீனி ஏக்கம் ஆகியவை குறைந்ததாக 1998-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு தெரிவித்தது. மாத்திரை வாங்கி விழுங்க இதை எழுதவில்லை. மோரை மறுக்கவேண்டாம் என்பதற்காக எழுதினேன்.

தவக்காலத்தில் சில மாணவியர் காலை உணவை விட்டுவிட்டு வருவதைக் காண்கிறோம். திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி இருக்கும் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்கே. 14 வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனம் மட்டும்தான். இசுலாமிய மாணவியர்க்கும், மாதவிடாய் நாட்களில் ரமலான் நோன்பிலிருந்து விலக்கு உண்டு; பின்னர் வேறு நாட்களில் அதை நிறைவு செய்கிறார்கள். சமயமே இவ்வளவு பரிவு காட்டியிருக்க, நாம் அதைவிடக் கடுமையாக இருப்பானேன்?

உணவு மாதச் சுழற்சியைப் பின்பற்றுவதுபோல், சுழற்சியும் உணவைப் பின்பற்றுகிறது. 1944-45 குளிர்காலத்தில், போரின் காரணமாக ஹாலந்து நாட்டின் மேற்குப் பகுதி நகரங்களில் கொடும் பஞ்சம் ஏற்பட்டபோது, பெண்கள் பலருக்கு மாதவிடாயே நின்றுபோயிற்று. உணவு வந்ததும் திரும்பி வந்தது. உடற்கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், "வீட்டில் சேமிப்பு இருக்கிறது" என்று மூளைக்குச் சேதி சொல்கிறது என்பது 1994-இல் அது கண்டுபிடிக்கப்பட்ட பிறகு விளங்கியது. சேமிப்பு கரைந்தால் மூளை முதலில் நிறுத்தும் செலவுகளில் ஒன்று மாதவிடாய். இக்காலத்தில் பஞ்சம் இல்லாமலேயே, கொடியிடை வேண்டுமென்று மதிய உணவுப் பாத்திரத்தைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாதவிடாய் தவறத் தொடங்கினால் அது எச்சரிக்கை மணி. எலும்பு உறுதிப்படும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பும் வலுவிழக்கும்.

எளிதான ஒரு வேலை செய்து பாருங்கள். நாட்காட்டியில் மாதவிடாய் தொடங்கும் நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். மிகவும் பசித்த நாளுக்கு "ப" என்றும், உணவு வெறுத்த நாளுக்கு "வெ" என்றும் மூன்று மாதம் குறித்து வாருங்கள். உங்களுக்கு உரிய ஒழுங்கு எது என்று தெரிந்துவிடும். பசி கூடும் வாரம் வருவது முன்கூட்டியே தெரிந்தால், மாலைத் தீனிக்குச் சுண்டல் ஊறவைக்கும்படி அம்மாவிடம் சொல்லலாம். அந்த நாட்களில் வரும் சிடுசிடுப்புக்கும் இதே நாட்காட்டி விளக்கம் சொல்லும்.

ஏழு நாளுக்கு மேல் போக்கு நிற்காவிட்டாலும், ஒவ்வொரு மணிக்கும் துணி மாற்ற வேண்டியிருந்தாலும், மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலும், மறைவில் அளவின்றி உண்டு பின் வாந்தியெடுக்கும் பழக்கம் ஏற்பட்டாலும், வலியால் மாதந்தோறும் பள்ளிக்கு வர முடியாமற் போனாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அம்மாவிடம் சொல்லத் தயக்கமானால், வகுப்பாசிரியையிடமோ, விடுதிச் சகோதரியிடமோ சொல்லுங்கள்; ஒருவரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

பள்ளிகளில் வாரம் ஒருமுறை வழங்கும் நீலநிற மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அதை ஜன்னல் வழியாக எறிகிறவர்களும், புத்தகப்பைக்குள் போட்டு மறக்கிறவர்களும் உண்டு. வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டல் வந்ததால்தான் பலர் வெறுக்கிறார்கள். மதிய உணவுக்குப் பின் விழுங்குங்கள். ஒரு நெல்லிக்காயோ, கொய்யாத்துண்டோ, எலுமிச்சைச் சாறோ உடன் சேர்ந்தால் அவற்றிலுள்ள வைட்டமின் "சி" இரும்பை உடலில் சேர்க்க உதவும். தேநீரும் காப்பியும் அதைத் தடுப்பதால், அவற்றை ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். மாத்திரை உண்ட மறுநாள் மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம். உடல் ஏற்றுக்கொள்ளாத இரும்பு வெளியேறுகிறது, அவ்வளவே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் பூச்சி மாத்திரையையும் மறவாமல் சாப்பிடுங்கள். கொக்கிப்புழு குடலில் இருந்தால், அது இரத்தத்தை உறிஞ்சி, நீங்கள் முருங்கைக்கீரை உண்டு சேர்க்கும் இரும்பை இழக்கச் செய்துவிடும்.